சொல்லிக்கொடுக்க மறுத்தார்கள்... பார்த்தே கற்றுக்கொண்டார்! - காலண்டர் கடவுள்களுக்கு முகம் கொடுத்த ரவிவர்மாவின் கதை

பொங்கல் சமயத்தில் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு ரவுண்டு போய் வந்தால், பல கடைகளின் சுவரில் இரண்டு படங்களைப் பார்க்கலாம். ஒன்று, மாலை போட்ட பென்னிகுவிக் படம். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி, இந்த மண்ணுக்குத் தண்ணீர் கொண்டுவந்த இன்ஜினீயர். அவர் யார் என்று தேனி மாவட்டத்தில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லிவிடும்.

இன்னொன்று, தாமரை மேல் நிற்கும் லட்சுமி படம். நான்கு கைகள், பட்டுப் புடவை, பக்கத்தில் மாலையுடன் யானை. இந்த லட்சுமியை இப்படி முதலில் வரைந்தது யார் என்று கேட்டால், பலருக்கும் பதில் தெரியாது.

அவரும் மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர்தான். லோயர் கேம்ப்பில் இருந்து மலையேறி குமுளியைத் தாண்டினால் அன்றைக்கு திருவிதாங்கூர் சமஸ்தானம். பெரியாற்றுத் தண்ணீருக்காக மெட்ராஸ் அரசு 1886-ல் ஒப்பந்தம் போட்டது அந்த சமஸ்தானத்தோடுதான். 1895-ல் அணை திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய வருஷம், 1894-ல், அதே சமஸ்தானத்தைச் சேர்ந்த ஓவியர் ஒருவர் பம்பாயில் ஓர் அச்சகம் தொடங்கினார். சாமி படங்களை ஆயிரக்கணக்கில் அச்சடித்து நாடு முழுக்க விற்பதுதான் திட்டம்.

அவர் பெயர் ரவிவர்மா. எந்த ஓவியப் பள்ளியிலும் படிக்காதவர். படிக்க ஆசைப்பட்டபோது, தெரிந்தவர்கள் சொல்லிக்கொடுக்க மறுத்தார்கள். அவர் எப்படிக் கற்றுக்கொண்டார், கற்றதை வைத்து என்ன செய்தார் என்பதுதான் இந்தக் கதை.

யார் இந்த ரவிவர்மா?

1848 ஏப்ரல் 29-ம் தேதி, இப்போதைய திருவனந்தபுரம் மாவட்டத்தில் உள்ள கிளிமானூர் அரண்மனையில் பிறந்தார். திருவிதாங்கூர் அரச குடும்பத்துடன் தலைமுறை தலைமுறையாகத் திருமண உறவு கொண்ட குடும்பம் அது. அம்மா உமா அம்பாபாய் கவிதை எழுதுபவர். அப்பா நீலகண்டன் பட்டதிரிப்பாடு சமஸ்கிருத அறிஞர்.

ராஜா ரவிவர்மா என்று சொன்னாலும், அவர் எந்த நாட்டையும் ஆண்டதில்லை. ஜமீன் மாதிரியான வசதியான குடும்பம், அவ்வளவுதான்.

சின்ன வயதில் கரித்துண்டு கிடைத்தால் போதும், அரண்மனைச் சுவர் முழுக்க யானை, குதிரை என்று வரைந்து வைத்துவிடுவார். வீட்டில் திட்டு விழுந்திருக்க வேண்டிய இடம். ஆனால் தாய்மாமா ராஜராஜ வர்மா அந்தக் கிறுக்கல்களில் கை இருப்பதைப் பார்த்துவிட்டார். மாமாவே ஓவியர்தான். தஞ்சாவூர் பாணியில் வரைபவர். அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் அழகிரி நாயுடு என்ற மதுரைக்காரர்.

இந்த மதுரைத் தொடர்பு முக்கியம். அந்தக் காலத்தில் மதுரை, தஞ்சாவூர் பக்க ஓவியர்கள் மலை தாண்டி திருவனந்தபுரம் அரண்மனைக்கு வேலைக்குப் போவது வழக்கம். அப்போது தேனி, கம்பம் எல்லாமே மதுரை மாவட்டம்தான். தேனி தனி மாவட்டமானது 1996-ல்.

மருமகனுக்கு முதல் பாடங்களை மாமா சொல்லிக்கொடுத்தார். 1862-ல், ரவிவர்மாவுக்கு 14 வயதாக இருக்கும்போது, திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப் போய் மன்னர் ஆயில்யம் திருநாள் முன்பு நிறுத்தினார். மன்னருக்குப் பையனைப் பிடித்துப்போனது. இங்கேயே தங்கி வரையட்டும் என்று சொல்லிவிட்டார்.

இதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. சிக்கல் அதற்குப் பிறகுதான்.

ஆயில் பெயின்டிங் அப்போது ஏன் அவ்வளவு பெரிய ரகசியம்?

தஞ்சாவூர் ஓவியம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். பலகை மேல் துணி ஒட்டி, தங்க ரேக், கற்கள் பதித்து, தட்டையான வண்ணங்களில் வரைவார்கள். அழகு. ஆனால் நிழல், வெளிச்சம், ஆழம் எல்லாம் அதன் நோக்கம் இல்லை.

ஐரோப்பாவில் இருந்து வந்த ஆயில் பெயின்டிங் வேறு விஷயம். வண்ணப் பொடியை ஆளி விதை எண்ணெயில் குழைப்பார்கள். அது மெதுவாகத்தான் காயும். அதனால் ஒரு வண்ணத்தை இன்னொன்றோடு இழைத்துக்கொண்டே போகலாம். கன்னத்தின் மேடு, பட்டின் பளபளப்பு, தோலுக்கு அடியில் ஓடும் ரத்தத்தின் சிவப்பு வரைக்கும் கொண்டுவர முடியும்.

ஆனால் எந்த எண்ணெயை எவ்வளவு சேர்ப்பது, கேன்வாஸை எப்படித் தயார் செய்வது, எந்தப் பூச்சு காய்ந்த பிறகு எதை மேலே போடுவது என்பதெல்லாம் தெரியாமல் தொட்டால் படம் வெடித்துப்போகும், இல்லாவிட்டால் கறுத்துப்போகும். இப்ப மாதிரி வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ள வழியில்லை. தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டும். அந்த வித்தை தெரிந்தவருக்கு அதுதான் சோறு. அதனால் யாரும் சுலபமாகச் சொல்லிவிட மாட்டார்கள்.

மறுத்த ஓவியர்... ராத்திரியில் உதவிய உதவியாளர்

திருவனந்தபுரம் அரண்மனையில் ஆயில் பெயின்டிங் தெரிந்த ஓவியர் ராமசுவாமி நாயக்கர். இவரும் மதுரைக்காரர்தான். தனக்குப் போட்டியாக வரப்போகும் பையன் என்று நினைத்தாரோ என்னவோ, ரவிவர்மாவுக்குக் கற்றுத்தர மறுத்துவிட்டார்.

அவரிடம் உதவியாளராக இருந்தவர் ஆறுமுகம் பிள்ளை. எஜமானருக்குத் தெரிந்தால் வேலை போகும் நிலைமையில் இருந்த மனிதர். ஆனால் அவர்தான் ராத்திரி நேரத்தில் ரகசியமாக வந்து, ஆயில் வண்ணங்களைக் கையாளும் அடிப்படைகளை ரவிவர்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். இந்திய ஓவிய வரலாற்றில் இவருடைய பெயர் ஓரிரண்டு வரிகளோடு நின்றுவிடுகிறது.

1868-ல் இன்னொரு வாய்ப்பு வந்தது. மன்னரையும் ராணியையும் வரைவதற்காக தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தார். அவரிடம் சொல்லிக்கொடுக்கும்படி மன்னரே கேட்டும், ஜென்சன் பாடம் எடுக்கத் தயாராக இல்லை. கடைசியில் ஒரு சலுகை மட்டும் கொடுத்தார். அவர் வரையும்போது ரவிவர்மா நின்று பார்க்கலாம்.

20 வயது இளைஞர் நின்று பார்த்தார். தூரிகை எந்தப் பக்கம் போகிறது, எந்த நேரத்தில் எந்த வண்ணம் தொடப்படுகிறது என்று கண்ணாலேயே பாடம் படித்தார். பிறகு தன் அறைக்குப் போய் முயற்சி செய்வார். தப்பாகும். மறுபடி முயற்சி. பல வருஷங்கள் இப்படித்தான் போயின.

தானாகக் கற்றவர் என்று ரவிவர்மாவைச் சொல்லும்போது, மாமாவையும் ஆறுமுகம் பிள்ளையையும் மறந்துவிடக் கூடாது. அரண்மனையில் தங்க இடமும் மன்னரின் ஆதரவும் அவருக்கு இருந்தன என்பதும் உண்மை. அந்த வசதி இல்லாத பையன் என்றால் முதல் மறுப்பிலேயே ஊர் திரும்பியிருப்பான். ஆனால் முறையான குரு ஒருவர் கடைசிவரை அவருக்குக் கிடைக்கவே இல்லை.

வியன்னா வரைக்கும் போன மல்லிகைப்பூ

1870-ல் கொல்லூர் மூகாம்பிகை கோயிலுக்குப் போய் விரதமிருந்தார். திரும்பும் வழியில் கோழிக்கோட்டில் ஒரு நீதித்துறை அதிகாரியின் குடும்பத்தை வரைந்து கொடுத்தார். கூலி வாங்கி வரைந்த முதல் வேலைகளில் ஒன்று அது. அரச குடும்ப உறவுக்காரர் காசு வாங்கிக்கொண்டு படம் வரைவதா என்று முகம் சுளித்தவர்கள் இருந்த காலம். அவர் கண்டுகொள்ளவில்லை. ஓவியத்தையே தொழிலாக எடுத்துக்கொண்டார்.

1873-ல் மெட்ராஸில் நடந்த ஓவியக் கண்காட்சிக்கு ஒரு படம் அனுப்பினார். கண்ணாடி முன்பு உட்கார்ந்து கூந்தலில் மல்லிகைப்பூ வைத்துக்கொள்ளும் நாயர் பெண். ஐரோப்பிய ஓவியர்களும் கலந்துகொண்ட அந்தப் போட்டியில் கவர்னரின் தங்கப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. அதே படம் அந்த வருஷம் வியன்னாவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் போய் அங்கேயும் பரிசு வாங்கியது.

அடுத்த வருஷம் இசைக்கருவி வாசிக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணை வரைந்தார். மறுபடி மெட்ராஸ், மறுபடி தங்கம். 1876-ல், தாமரை இலையில் காதல் கடிதம் எழுதும் சகுந்தலை. இந்தப் படத்தை அன்றைய மெட்ராஸ் கவர்னர் பக்கிங்காம் பிரபுவே வாங்கிக்கொண்டார். காளிதாசரின் நாடகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த மோனியர் வில்லியம்ஸ், தன் புத்தகத்தின் முகப்பில் இந்தப் படத்தைப் போட்டார்.

ஜென்சன் பின்னால் நின்று வேடிக்கை பார்த்த பையன், எட்டு வருஷத்தில் இங்கே வந்து நின்றிருந்தார்.

புராணத்துக்குப் புடவை கட்டிவிட்டவர்

1880-ல் ஆயில்யம் திருநாள் இறந்தார். அடுத்து வந்த விசாகம் திருநாளுக்கும் ரவிவர்மாவுக்கும் ஒத்துப்போகவில்லை. சொந்த ஊர் அரண்மனையில் இடம் சுருங்கியதும் வெளியே கிளம்பினார். ஒரு வகையில் அதுதான் அவரை இந்தியா முழுமைக்குமான ஓவியராக்கியது.

அதற்கு உதவியவர் கும்பகோணத்தில் பிறந்த சர் டி.மாதவ ராவ். திருவிதாங்கூரில் திவானாக இருந்துவிட்டு, பிறகு பரோடாவில் திவான் ஆனவர். அவர் மூலம் பரோடா சமஸ்தானத்தின் கதவு திறந்தது. அதன்பிறகு மைசூர், பவநகர், உதய்பூர் என்று வரிசையாக அழைப்புகள்.

1888-ல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் ஒரு பெரிய வேலையைக் கொடுத்தார். ராமாயணம், மகாபாரதத்தில் இருந்து 14 ஓவியங்கள். சம்பளம் 50,000 ரூபாய். அன்றைக்கு அது மலைக்க வைக்கும் தொகை.

வேலை கிடைத்துவிட்டது. ஆனா ஒரு பிரச்னை. சீதை என்ன உடை உடுத்தியிருப்பாள்? தமயந்தி? சகுந்தலை? ஒவ்வொரு ஊரிலும் பெண்கள் ஒவ்வொரு விதமாக உடுத்துகிறார்கள். கதைகளோ எல்லா ஊருக்கும் பொது.

விடை தேடி, தம்பி ராஜராஜ வர்மாவுடன் வட இந்தியா முழுக்கப் பயணம் செய்தார். ரயில் அப்போதுதான் நாட்டை இணைத்துக்கொண்டிருந்தது. கோயில், கடைத்தெரு, நாடகக் கொட்டகை என்று பார்த்துக்கொண்டே போனார். கடைசியில் அவர் தேர்ந்தெடுத்தது புடவை. அதிலும் மகாராஷ்டிரப் பெண்கள் கட்டும் பாணியின் சாயல் அதிகம்.

இன்றைக்கு அம்மன், சீதை, சரஸ்வதி என்றதும் புடவை கட்டிய ஒரு பெண்தான் நம் மனதில் வருகிறார். அந்தப் பழக்கம் இவ்வளவு ஆழமாகப் பதிந்ததில் ரவிவர்மாவின் முடிவுக்குப் பெரிய பங்கு உண்டு. மைசூர் அரண்மனைக்காக அவர் வரைந்த இசைக் கலைஞர்கள் ஓவியத்தில் 11 பெண்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பிரதேச உடையில். இந்தியா என்ற ஒரு நாடு அரசியல் வரைபடத்தில் உருவாவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, ஒரே கேன்வாஸில் அவர்களை ஒன்றாக உட்காரவைத்திருந்தார்.

அரண்மனையை விட்டு அச்சகம்... ஏன்?

1890-ல் 14 படங்களும் முடிந்தன. பரோடா அரண்மனைக்குள் போவதற்கு முன்பு, திருவனந்தபுரத்திலும் பம்பாயிலும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. கூட்டம் அலைமோதியது. பணக்காரர்கள் மட்டும் வரவில்லை. சாதாரண ஜனங்கள் சாரைசாரையாக வந்தார்கள். சாமியை ரத்தமும் சதையுமாக இவ்வளவு பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை.

ஆனால் கண்காட்சி முடிந்தால் படங்கள் அரண்மனைக்குள் போய்விடும். வந்த கூட்டம் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஒரு படம் வரைய மாதக்கணக்கில் ஆகும். எத்தனை பேருக்கு வரைந்து கொடுக்க முடியும்?

இதற்கு ஒரு யோசனையை மாதவ ராவ் ஏற்கெனவே சொல்லியிருந்தார். படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி, வண்ணத்தில் அச்சடித்து, மலிவு விலையில் விற்கலாமே என்பது. ரவிவர்மா அதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். ஐரோப்பாவுக்கு அனுப்புவதற்குப் பதில், மெஷினையும் ஆட்களையும் ஜெர்மனியில் இருந்து இங்கே வரவழைத்துவிட்டார். 1894-ல் பம்பாய் கிர்காமில் அச்சகம் ஆரம்பமானது. முதலில் அச்சான படம், சகுந்தலையின் பிறப்பு.

அந்த அச்சு முறை எப்படி?

லித்தோகிராஃப் என்பார்கள், கல் அச்சு. வழவழப்பான சுண்ணாம்புக்கல் பலகையில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படத்தை வரைவார்கள். கல்லை நனைத்து அதன்மேல் அச்சு மை தடவினால், பசை உள்ள இடத்தில் மட்டும் மை ஒட்டும். ஈரமான இடத்தில் ஒட்டாது. எண்ணெயும் தண்ணீரும் சேராது என்ற ஒரே தத்துவம்தான்.

ஒரு வண்ணத்துக்கு ஒரு கல். ஒரு லட்சுமி படத்துக்குப் பல கற்கள் தேவைப்படும். ஒரே தாள் ஒவ்வொரு கல்லின் மீதும் முடி அளவுகூட நகராமல் பொருந்த வேண்டும். கடைசியில் வார்னிஷ் பூசுவார்கள். கையில் எடுத்தால் ஆயில் பெயின்டிங் மாதிரியே பளபளக்கும்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்தியாவில் சாமி படத்தை முதலில் அச்சடித்தவர் ரவிவர்மா இல்லை. புனேயின் சித்ரசாலா அச்சகமும் கல்கத்தா ஆர்ட் ஸ்டூடியோவும் அவருக்கு முன்பே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தன. ஆனால் அவற்றில் இல்லாத உயிர்ப்பு ரவிவர்மா படங்களில் இருந்தது. அந்த லட்சுமி பக்கத்து வீட்டுப் பெண் மாதிரி நம்மை நேராகப் பார்த்தாள். வீணையோடு உட்கார்ந்திருக்கும் சரஸ்வதியும் அப்படித்தான்.

படம் பிரபலம், அச்சகம் நஷ்டம்!

படங்கள் நாடு முழுக்கப் பரவின. ஆனால் அச்சகம் லாபம் பார்க்கவில்லை. ஆரம்பித்து இரண்டே வருஷத்தில் பம்பாயை பிளேக் நோய் தாக்கியது. ஊரே காலியானது. வேலைக்கு ஆள் இல்லை. கூட்டாளியுடனும் ஒத்துப்போகவில்லை. அச்சகத்தை லோனாவாலா அருகே மலவ்லி என்ற கிராமத்துக்கு மாற்றினார்கள். கடன் குறையவில்லை.

கடைசியில், 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அங்கே வேலை பார்த்த ஜெர்மன் தொழில்நுட்ப நிபுணர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷரிடமே அச்சகத்தை விற்றுவிட்டார் ரவிவர்மா. கூடவே தன் படங்களை அச்சடிக்கும் உரிமையையும் கொடுத்தார். அதன்பிறகு அந்தப் படங்கள் சோப்பு விளம்பரம், தீப்பெட்டி, காலண்டர் என்று எங்கெங்கோ போயின. அவர் கையை விட்டுப் போன பிறகுதான் அவை உண்மையிலேயே எல்லார் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தன.

கோயில் கதவு திறக்கும் முன்பே...

ரவிவர்மாவின் அச்சுப் படங்கள் விற்பனைக்கு வந்த 1890-களில், திருவிதாங்கூரில் பெரும் பகுதி மக்கள் கோயிலுக்குள் நுழைய முடியாது. கோயிலைச் சுற்றியுள்ள தெருவில்கூட நடக்க முடியாத சாதிகள் இருந்தன. மதுரை மீனாட்சியம்மன் கோயிலிலும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் நாடார்களுக்கும் அனுமதி இல்லை. சாமி முகத்தைப் பார்ப்பது என்பதே சிலருக்கு மட்டும் கிடைத்த உரிமை.

அச்சுப் படத்துக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. கடையில் காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வீட்டுச் சுவரில் ஆணி அடித்து மாட்டலாம். தானே பூ வைக்கலாம், தானே சூடம் காட்டலாம். நடுவில் யாரும் வரத் தேவையில்லை. ரவிவர்மா ஒன்றும் சமூகப் போராளி இல்லை. பக்தியும் தொழிலும் சேர்ந்த முயற்சிதான் அது. ஆனால் விளைவு அவருடைய கணக்கைத் தாண்டிப் போய்விட்டது.

இந்தக் கதையில் ஒரு குடும்பத் தொடர்பும் இருக்கிறது. ரவிவர்மாவின் மனைவி பாகீரதியின் சகோதரி திருவிதாங்கூர் மகாராணி. அரச குடும்பத்தில் வாரிசு இல்லாததால், 1900-ல் ரவிவர்மாவின் இரண்டு பேத்திகள் தத்தெடுக்கப்பட்டார்கள். ஒருவர் சேது லட்சுமி பாய், இன்னொருவர் சேது பார்வதி பாய்.

வைக்கம் போராட்டம் நடந்தபோது, 1924-ல் ஆட்சிப் பொறுப்புக்கு வந்தவர் அந்த சேது லட்சுமி பாய்தான். தந்தை பெரியார் சிறை சென்ற அதே போராட்டம். 1925-ல் கோயிலைச் சுற்றிய தெருக்களில் பெரும்பாலானவை எல்லாருக்கும் திறக்கப்பட்டன. 1936 நவம்பர் 12-ல் திருவிதாங்கூர் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்ட மன்னர் சித்திரைத் திருநாள், சேது பார்வதி பாயின் மகன். அதாவது ரவிவர்மாவின் கொள்ளுப்பேரன். மதுரையில் 1939 ஜூலை 8-ல் ஆலயப் பிரவேசம் நடந்தது.

கதவு திறக்க இத்தனை வருஷம் பிடித்தது. தாத்தாவின் படங்கள் அதற்கு 40 வருஷம் முன்பே வெளியே வந்துவிட்டிருந்தன.

ரவிவர்மா மீது என்ன விமர்சனம்?

அவர் இறந்த சில வருஷங்களிலேயே அவருடைய புகழ் சரியத் தொடங்கியது. சுதேசி இயக்கம் சூடாக இருந்த காலம். அவனீந்திரநாத் தாகூர் தலைமையிலான வங்காள ஓவியர்கள் அஜந்தாவிலும் முகலாய ஓவியங்களிலும் இந்தியக் கலையைத் தேடினார்கள். அவர்களுடைய பார்வையில் ரவிவர்மா, இந்தியக் கதைக்கு ஐரோப்பியச் சட்டை மாட்டியவர். சகோதரி நிவேதிதாவும், இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசாமியும் அவரைக் கடுமையாக விமர்சித்தார்கள். தெய்வங்கள் நாடக மேடை நடிகர்கள் மாதிரி இருக்கிறார்கள் என்பது அவர்களின் குறை.

இன்றைய விமர்சனம் வேறு இடத்தில் இருந்து வருகிறது. அவருடைய தேவிகள் பெரும்பாலும் சிவந்த நிறம். வசதியான, உயர்சாதி வீட்டுப் பெண்களின் உடல்மொழி. அந்த ஒரே அச்சு கோடிக்கணக்கான வீடுகளுக்குப் போனதால், அழகு என்றால் இப்படித்தான் என்ற எண்ணமும் கூடவே போனது. நம் ஊர் காவல் தெய்வங்களின் கறுத்த முகங்களும் முறைக்கும் கண்களும் காலண்டரில் அரிதாகத்தான் வருகின்றன. எல்லாரையும் சாமி பக்கத்தில் கொண்டுவந்த அதே படங்கள், சாமியின் முகத்தை ஒன்றாகச் சுருக்கியும்விட்டன. இரண்டும் ஒரே மனிதரின் வேலையால் நடந்ததுதான்.

தம்பி போனார், தூரிகையும் நின்றது

ரவிவர்மாவின் படங்களில் பல உண்மையில் இரண்டு பேர் வேலை. பின்னணியில் வரும் மலை, மரம், வானம் போன்றவற்றைப் பெரும்பாலும் வரைந்தவர் தம்பி ராஜராஜ வர்மா. பயணத்தில் கூடவே இருந்தவர், கணக்கு வழக்கு பார்த்தவர், நாட்குறிப்பு எழுதியவரும் அவர்தான். அண்ணனைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் நிறைய அந்த நாட்குறிப்பில் இருந்து வந்தது.

மனைவி பாகீரதி 1891-லேயே இறந்துவிட்டார். 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு 10 ஓவியங்கள் அனுப்பி இரண்டு பதக்கங்கள் வாங்கினார். 1904-ல் பிரிட்டிஷ் அரசு கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் கொடுத்தது. அடுத்த வருஷத் தொடக்கத்திலேயே தம்பி இறந்துபோனார். சர்க்கரை நோயால் ஏற்கெனவே தளர்ந்திருந்த ரவிவர்மாவை அந்த இழப்பு உடைத்துப்போட்டது. 1906 அக்டோபர் 2-ம் தேதி கிளிமானூரில் காலமானார். வயது 58.

கற்றுத்தர ஆள் கிடைக்காமல் தவித்தவருடைய மகன் ராம வர்மா, பம்பாயின் ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தார். 1915-ல் மாவேலிக்கரையில் அப்பா பெயரில் ஓவியப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். ராஜா ரவிவர்மா நுண்கலைக் கல்லூரி என்ற பெயரில் அது இன்றும் இயங்குகிறது.

கோவில்பட்டி முதல் கோடம்பாக்கம் வரை

ரவிவர்மா அச்சகத்துக்காக வேலை பார்த்த ஒருவர், பின்னர் 1913-ல் இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படமான ராஜா ஹரிச்சந்திராவை எடுத்தார். அவர் தாதாசாகேப் பால்கே. நம் புராணப் படங்களில் தேவலோகம் எப்படி இருக்கும், நாரதர் எப்படி வருவார் என்பதில் ரவிவர்மா சாயல் தெரிவது தற்செயல் இல்லை.

தமிழ்நாட்டில் இந்த வழியைத் தொடர்ந்தவர் கோவில்பட்டி சி.கொண்டைய ராஜூ. மெட்ராஸ் ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிக்குத் திரை வரைந்து, பிறகு கோவில்பட்டியில் செட்டில் ஆனவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி, தமிழ்நாட்டின் எல்லா மூலைக்கும் காலண்டராகப் போயின. செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் ரவிவர்மாவின் பழைய அச்சுப் படங்களைப் பார்க்கலாம். சிலவற்றில் லட்சுமியின் புடவை மேல் நிஜத் துணியும் ஜிகினாவும் ஒட்டி அலங்கரித்திருப்பார்கள்.

2020-ல் புகைப்படக் கலைஞர் ஜி.வெங்கட் ராம், ரவிவர்மா ஓவியங்களை நடிகைகளை வைத்து மறுபடி படம்பிடித்தார். சமந்தா, ஸ்ருதி ஹாசன், ரம்யா கிருஷ்ணன் எல்லாம் நடித்த அந்த காலண்டர் சோஷியல் மீடியாவில் வைரலானது பலருக்கு ஞாபகம் இருக்கும்.

இப்போது ஒரிஜினல் ஓவியங்களின் விலை கோடிகளில். 2023-ல் யசோதையும் கண்ணனும் இருக்கும் ஓர் ஓவியம் ஏலத்தில் 38 கோடி ரூபாய்க்குப் போனது. அவருடைய ஓவியங்கள் தேசியக் கலைச் செல்வம் என்று அறிவிக்கப்பட்டுள்ளதால், இந்தியாவில் இருந்து வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. புதன் கிரகத்தில் உள்ள ஒரு பெரிய பள்ளத்துக்கு 2013-ல் வர்மா என்று இவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

எங்கே பார்க்கலாம்?

தேனி பக்கத்தில் இருந்து போகிறவர்களுக்கு வழி சுலபம். குமுளி வழியாகக் கேரளத்துக்குள் இறங்கி திருவனந்தபுரம் போனால், மியூசியம் வளாகத்தில் ஸ்ரீ சித்ரா ஓவியக் கூடம் இருக்கிறது. 1935-ல், கொள்ளுப்பேரன் சித்திரைத் திருநாள் காலத்தில் திறக்கப்பட்டது. அன்னத்திடம் தூது சொல்லும் தமயந்தியை இந்த மியூசியம் வளாகத்தில் நேரில் பார்க்கலாம். போகும் வழியை கிளிமானூர் வழியாக வைத்துக்கொண்டால், அவர் பிறந்த அரண்மனையும் உண்டு. சென்னையில் இருப்பவர்களுக்கு எழும்பூர் அரசு அருங்காட்சியகம்.

அங்கே ஒரு ஒரிஜினல் முன்பு நிற்கும்போது, கொஞ்சம் பக்கத்தில் போய் புடவையின் ஜரிகையைப் பாருங்கள். மஞ்சளுக்கு மேல் வெள்ளை, அதன்மேல் ஒரு துளி காவி என்று பூச்சு பூச்சாகத் தெரியும். எந்தப் பூச்சு காய்ந்த பிறகு எதை மேலே போட வேண்டும் என்ற அந்தப் பாடத்தின் முதல் வரி, ஆறுமுகம் பிள்ளை ராத்திரியில் சொல்லிக்கொடுத்தது.